ஐப்பசி மழையும் முதியோர் வீடுகளும்

ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்த தமிழ் மரபு, ஐப்பசி, கார்த்திகை ஆகிய இரு திங்களையும் கூதிர்காலம் என வழங்கிற்று. மழையும் குளிரும் ஒருங்கே வந்து சேரும் பொழுது அது. தமிழ்நாடு ஓராண்டில் பெறும் மழையில் ஏறத்தாழப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையால் கிடைப்பதாகும். மேற்குத் தொடர்ச்சி மலையின் மறைவில் அமைந்த கோயம்புத்தூரும் தென்மேற்குப் பருவமழையைவிட இம்மழையையே பெரிதும் நம்பியிருக்கிறது. நகரை அடுத்துத் தொண்டாமுத்தூர், வடவள்ளி, பேரூர்ப் பக்கங்களில் எழுந்துள்ள முதியோர் குடியிருப்புகளில் வாழ்வோரையும், வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருந்துகொண்டு அவர்களைப் பற்றிக் கவலைப்படும் மக்களையும் கருதி இக்கட்டுரை எழுதப்படுகிறது.

மழைக்காலம் நெருங்கும்போது குடும்பத்தினர் எம்மிடம் கேட்பவை பெரும்பாலும் சளி, இருமல், காய்ச்சல் பற்றியவையே. கேட்கத் தக்க வினாக்கள்தாம். எனினும் இப்பருவத்தில் முதியவர் ஒருவரின் வாழ்வை ஒரே இரவில் மாற்றிவிடக் கூடியது, பெரும்பாலும் அவருடைய வீட்டின் ஈரத் தரையாகும். ஆதலால் மருந்துப் பெட்டியைத் திறக்கும் முன் தரையைப் பார்ப்போம்.

கட்டிலிலிருந்து கழிவறை வரை

எழுபத்தெட்டு வயதான அம்மையார் ஒருவர் ஈரறை வீட்டில் தனியே வாழ்வதாகக் கொள்வோம். இரத்த அழுத்தத்திற்கு மாத்திரை உண்கிறார். கூதிர்காலத்தில் வியர்வை குறைவதால் சிறுநீர் மிகுதியாகப் பிரியும். இரவில் ஒருமுறை எழுந்தவர் இருமுறை எழுகிறார். வெளியே மழை, மின்சாரம் நின்றுவிட்டது. கட்டிலிலிருந்து சட்டென்று எழுகிறார். படுத்த நிலையிலிருந்து நிற்கும்போது முதியோருக்கு இரத்த அழுத்தம் தாழ்வது இயல்பு. அழுத்த மாத்திரைகளும், ஆண்களுக்குச் சுக்கிலச் சுரப்பி வீக்கத்திற்குத் தரப்படும் சில மாத்திரைகளும் அத்தாழ்வை மிகுவிக்கும். கண் இருண்டு வரும் அந்த நொடியில் அவர் இருட்டில் நடக்கத் தொடங்குகிறார்.

நடைவழியில் என்னென்ன இருக்கின்றன? வெயில் இல்லாமையால் வீட்டுக்குள்ளேயே கட்டிய கொடியில் துணிகள் சொட்டிக்கொண்டிருக்கின்றன. மாலையில் விரித்து வைத்த குடை ஒரு மூலையில் நீர் வடித்திருக்கிறது. குளியலறை வாயிலில் பழைய புடவையை நான்காக மடித்துக் கால்மிதியாகப் போட்டிருக்கிறார். அதன் அடியில் வழவழப்பான ஓடு. கால் வைத்ததும் துணி நகர்கிறது.

இந்த வழியைச் சீராக்க ஆகும் செலவு சிறிது. கால்மிதி வேண்டுமெனில் அடியில் ரப்பர் ஒட்டியது வேண்டும். இல்லையேல் கால்மிதியே வேண்டாம். துணியுலர்த்தும் கொடி நடைவழிக்குக் குறுக்கே செல்லலாகாது. கட்டிலின் அருகே கைவிளக்கு, கைக்கு எட்டும் தொலைவில் இருத்தல் வேண்டும். மின்சாரம் நின்றதும் தானே எரியும் மின்கல விளக்கு ஒன்றை வழியில் பொருத்துவது இன்னும் நன்று. கழிவறையில் இருக்கையின் பக்கத்திலும் குளிக்கும் இடத்திலும் கைப்பிடிக் கம்பி அமைதல் வேண்டும். துண்டு தொங்கவிடும் கம்பி உடலின் எடையைத் தாங்காது. அதைப் பற்றி எழுவோர் அதனோடு சேர்ந்தே விழுவர். எழுமுன் கட்டிலின் ஓரத்தில் ஒரு நிமிடம் அமர்ந்து, கால்களை அசைத்து, பின்னர் நிற்பதைப் பழக்கமாக்கிக் கொள்ளலாம். நீர் பிரியச் செய்யும் மாத்திரை மாலையில் தரப்பட்டிருப்பின், அதைக் காலைக்கு மாற்ற இயலுமா என மருத்துவரிடம் கேட்கலாம். கேட்காமல் மாற்றுதல் கூடாது.

வாயிற்படியிலும் முன்திண்ணையிலும் படியும் பாசியைச் சலவைத்தூள் கரைத்துத் தேய்த்தால் நீக்கிவிடலாம். அச்சலவைத்தூளைக் கழிவறை கழுவும் அமிலத்தோடு கலந்தால் மூச்சை அடைக்கும் குளோரின் வளி எழும் என்பதைப் பணியாளர்க்கும் சொல்லி வைத்தல் வேண்டும். கூரையோட்டையோ மழைநீர்க் குழாயையோ பார்க்க முதியவர் ஏணியில் ஏறலாகாது. ஐம்பது ஆண்டு தம் வீட்டைத் தாமே பேணிய ஒருவர் இதைக் கேட்க விரும்பமாட்டார் என்பதை நாம் அறிவோம். கீழே நின்று, ஏறுபவருக்குச் சொல்லிச் செய்விக்கும் உரிமை அவருக்கு எப்போதும் உண்டு.

தீபாவளியும் கார்த்திகை விளக்கீடும் இப்பருவத்திலேயே வருகின்றன. விடியுமுன் எண்ணெய் தேய்த்து நீராடும் வழக்கத்தை விடச் சொல்ல எமக்கு மனமில்லை. ஆனால் எண்ணெய்ப் பாதமும் ஈர ஓடும் அரையிருளும் கூடினால் விழுவது எளிது. நாற்காலியில் அமர்ந்தபடியே எண்ணெய் தேய்த்துக்கொண்டு, உள்ளங்காலைத் துடைத்த பின் எழுதல் வேண்டும். அடுத்தவர் குளிக்கப் போகும் முன் தரையைச் சவர்க்காரம் இட்டுக் கழுவுதல் வேண்டும். கார்த்திகையில் படிகளில் ஏற்றும் அகல்கள் சிந்திய எண்ணெயை அன்றிரவே துடைத்துவிடலாம்.

விழுந்துவிட்டால்

விழுந்தவரை உடனே கைகொடுத்துத் தூக்கி நிறுத்த முயல்வதே நம் இயல்பு. அதை அடக்குக. ஒரு கால் மற்றதைவிடக் குறுகிப் பாதம் வெளிப்புறம் திரும்பியிருந்தால் இடுப்பெலும்பு முறிந்திருக்க வாய்ப்பு மிகுதி. சிலருக்கு முறிந்த எலும்புகள் ஒன்றினுள் ஒன்று செருகி நிற்பதால், வலியோடு நடக்கவும் முடியும். நடந்தார் என்பதால் முறிவில்லை என்று கொள்ளலாகாது. எண்ணெய் நீவுதலும் கட்டுப் போடுதலும் நாள்களை வீணாக்கும். இவ்வகை முறிவுக்கு ஒன்றிரண்டு நாளுக்குள் அறுவை நடைபெற்றால் படுக்கைப் புண், நுரையீரல் அழற்சி, காலில் இரத்தம் உறைதல் ஆகிய தொல்லைகள் குறையும். கம்பளி போர்த்தி, அசைக்காமல் வைத்து, 108 ஊர்தியை அழைத்தல் வேண்டும்.

தலையில் அடிபட்டவர் வார்ஃபரின், குளோபிடோக்ரெல் போன்ற இரத்தம் உறையாமைக்கான மருந்து உண்பவராயின், காயம் தெரியாவிடினும், பேச்சு தெளிவாயிருப்பினும், அன்றே மருத்துவமனைக்கு வருதல் வேண்டும். மூளையின் மேலுறையின் கீழ் மெல்லக் கசியும் இரத்தம் சில வாரம் கழித்தே தலைவலியாகவோ தடுமாற்றமாகவோ வெளிப்படலாம். அந்நேரத்தில், முன்பு விழுந்த நிகழ்ச்சியை நினைவுகூர்ந்து சொல்லப் பெரும்பாலும் அருகில் எவரும் இருப்பதில்லை. எனவே விழுந்த நாளைக் குறித்து வைத்தல் வேண்டும்.

வெந்நீர்

கோவைப் பகுதிக் குடியிருப்புகளில் சூரியவெப்ப நீர்க்கலன் பரவலாக உள்ளது. தொடர்ந்து மேகம் சூழும் நாள்களில் அது பயன்தருவதில்லை. அப்போது பரணிலிருந்து இறங்கி வருவது, வாளியில் போடும் மின்கம்பி. முதியோர் வீட்டில் இருக்கக் கூடாத பொருள் ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதையே சொல்வோம். மின்னோட்டத்தை நிறுத்த மறந்து நீரில் கை வைப்பதும், இரும்பு வாளியைத் தொடுவதும் உயிரைப் பறிக்கும். கைநடுக்கமும் மறதியும் உடையவர்க்கு இடர் இன்னும் பெரிது. மின்கொதிகலன் பாதுகாப்பானது, ஆயினும் நில இணைப்பும், 30 மில்லியாம்பியர் அளவில் மின்னோட்டத்தைத் துண்டிக்கும் கசிவுத் துண்டிப்பானும் இருத்தல் வேண்டும். அத்துண்டிப்பானில் உள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்தினால் மின்சாரம் நிற்க வேண்டும். நிற்கவில்லையெனில் மின்பணியாளரை அழைக்கலாம். எரிவாயுக் கொதிகலனைக் குளியலறைக்குள் வைத்து, குளிர் வருகிறதென்று சாளரத்தை அடைத்துக் குளிப்பது, மணமற்ற கார்பன் மோனாக்சைடு நச்சுக்கு ஆளாவதாகும்.

நீரிழிவால் கால் உணர்விழந்தவர் வெந்நீரின் சூட்டைக் காலால் அறிய முடியாது. முழங்கையால் பார்க்க வேண்டும். குளித்தபின் கால்விரலிடுக்குகளை உலர்த்திப் பார்ப்பதும் அவர்க்கு அன்றாடக் கடமை. ஈரச் செருப்பில் நாள் முழுதும் இருக்கும் பாதத்தில் பூஞ்சையும் வெடிப்பும் தோன்றும். எலியின் சிறுநீர் கலந்த தேங்குநீரை அவ்வெடிப்போடு மிதித்தால் எலிக்காய்ச்சல் பற்றலாம்.

பூட்டிய வீடுகள்

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு தெளிந்த நீரிலும் பெருகும். முட்டை முழுக் கொசுவாக ஏறத்தாழ 7 முதல் 10 நாள் ஆகும். ஆதலால் வாரம் ஒருமுறை நீரை வடித்தால் போதும் என்பது கணக்கு. வடித்தால் மட்டும் போதாது, தேய்க்கவும் வேண்டும். உலர்ந்த கலத்தின் பக்கங்களில் ஒட்டிய முட்டைகள் பல மாதம் காத்திருக்க வல்லன. குளிர்பதனப் பெட்டியின் பின்தட்டு, மணிப்பிளாண்ட் வளர்க்கும் புட்டி, பூந்தொட்டித் தட்டு ஆகியவற்றைக் கவனிப்போர் பலர். முதியோர் குடியிருப்புகளில் கவனம் பெறாதவை பூட்டிய வீடுகளே. மகளைப் பார்க்க அயல்நாடு சென்றவரின் வீட்டில், பயன்படாத கழிவறைக் கிண்ணத்திலும் அதன் நீர்த்தொட்டியிலும் தண்ணீர் நின்றுகொண்டே இருக்கிறது. ஏடிஸ் கொசு நெடுந்தொலைவு பறப்பதில்லை. அவ்வீட்டில் பிறப்பது பக்கத்து வீட்டுக்காரரைக் கடிக்கும். பூட்டுவோர் சாவியொன்றை நிருவாக அலுவலகத்தில் தந்து, வாரந்தோறும் நீர் இறக்கி மூடச் சொல்லிச் செல்லலாம். இதை நலச் சங்கம் விதியாகவே வைப்பது தகும் என்பது எமது கருத்து.

காய்ச்சல் கண்டால் டெங்கு அன்று என்று தெளியும்வரை பாராசிட்டமால் தவிர, இபுபுரோஃபென், டைகுளோஃபெனாக் போன்ற வலிநீக்கிகளை உண்ணலாகாது. அவை இரத்தக் கசிவை மிகுவிக்கக் கூடும். இதயநோய்க்காக ஏற்கெனவே ஆஸ்பிரின் உண்பவர் அதைத் தாமே நிறுத்தாமல் மருத்துவரைக் கேட்டல் வேண்டும்.

முதியோர்க்குக் காய்ச்சல் வராமலேயே கடும் தொற்று ஏற்படலாம் என்பதைக் குடும்பத்தினர் பலர் அறியார். நுரையீரல் அழற்சியோ சிறுநீர்த் தொற்றோ முதலில் குழப்பமாக, உணவில் வெறுப்பாக, புதிய தடுமாற்றமாக வெளிப்படும். நேற்று வரை செய்தித்தாளை வரிவிடாமல் படித்தவர் இன்று கிழமையைத் தவறாகச் சொன்னால், வயதாகிவிட்டது என்று விட்டுவிடாமல் அன்றே காட்ட வேண்டும். குளிரில் தாகம் தோன்றாது; வயதாக ஆகத் தாக உணர்வே மங்கும். நீர் அளவைக் கட்டுப்படுத்தச் சொல்லப்படாதவர், தாகத்திற்குக் காத்திராமல் வேளை வைத்து நீர் பருகலாம். இன்ஃபுளுவென்சா தடுப்பூசி ஆண்டுக்கொருமுறை போடத் தக்கது. பயன் முழுமையாக ஏறத்தாழ 2 வாரம் ஆவதால் மழை இறங்கும் முன்னரே போடுதல் நன்று.

மின்சாரம் நிற்கும் நாள்கள்

2015 டிசம்பரில் சென்னையில் வெள்ளம் சூழ்ந்தபோது பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரமும் தொலைபேசியும் இல்லை. அத்தகைய நிலை கோவையில் அரிது. ஒரு புயல் இரவில் மரம் விழுந்து மின்கம்பி அறுவது அரிதன்று. ஆக்சிஜன் செறிவூட்டும் கருவியை நம்பியிருப்போர், மாற்றாக நிரப்பிய உருளை ஒன்றை வைத்திருத்தல் வேண்டும். அவர்தம் வீட்டு எண்களின் பட்டியல் காவலர் அறையில் இருந்தால், மின்னாக்கி யாருக்கு முதலில் என்று இரவில் விவாதிக்க வேண்டியிராது. ஆக்சிஜன் உள்ள அறையில் மெழுகுவத்தி ஏற்றலாகாது. திறவாத இன்சுலினை 2 முதல் 8 பாகைக் குளிரில் வைக்க வேண்டும். பயன்பாட்டில் உள்ளதைப் பெரும்பாலான வகைகளில் 30 பாகைக்கு மிகாத அறையில் ஏறத்தாழ 4 வாரம் வைக்கலாம் என்பதால், ஓரிரவு மின்தடைக்கு அஞ்ச வேண்டியதில்லை. பனிக்கட்டியோடு நேரே ஒட்ட வைத்து உறைந்துபோன இன்சுலினை மட்டும் எறிந்துவிட வேண்டும். அன்றாட மாத்திரைகள் இரண்டு வாரத்திற்கேனும் கையிருப்பில் இருக்கட்டும். குளியலறை அலமாரியின் ஈரத்தில் வைக்க வேண்டா.

தொலைவில் வாழும் மக்கள் தொலைபேசியில் முதலில் கேட்பது நலமா என்பதே. அதற்கு நம் பெற்றோர் தரும் விடை எப்போதும் ஒன்றே. அதன் பின்னர், எந்த மாத்திரை எத்தனை நாளுக்கு இருக்கிறது, நேற்றிரவு எத்தனை முறை எழுந்தீர்கள், கைவிளக்கு எரிகிறதா, பக்கத்து வீட்டுப் பூட்டைத் திறந்து நீர் இறக்கினார்களா என்று கேட்டுப் பாருங்கள். காணொளியில் பேசினால் குளியலறை வாயிலைக் காட்டச் சொல்லலாம். உதவிக்கு ஆள் இல்லாத முதியோர், 14567 என்னும் மூத்த குடிமக்கள் உதவி எண்ணைக் கட்டணமின்றி அழைக்கலாம். அந்த எண்ணையும், 108ஐயும், உண்ணும் மருந்துகளின் பெயர்களையும், இரத்தப் பிரிவையும் பெரிய எழுத்தில் எழுதிய தாள் ஒன்றை, விழுந்து கிடப்பவரும் காணுமாறு கட்டிலின் உயரத்திலேயே சுவரில் ஒட்டிவிடுங்கள்.