இளைஞர் வழிகாட்டற் பணியும் ஆலயமும்

ஆலயங்கள் வழிபாட்டுக்குரிய இடங்களாக மட்டுமன்றி, ஊரின் கல்வியையும் ஒழுக்கத்தையும் தாங்கும் தூண்களாகவும் விளங்கி வந்துள்ளன. இன்று பல கிராமங்களில் க.பொ.த. சாதாரண தரத்துடன் படிப்பை நிறுத்திவிட்டு, அடுத்தது என்ன என்று அறியாது நிற்கும் பிள்ளைகள் உள்ளனர். போதைப்பொருள் அவர்களைத் தேடி வருகின்றது. நல்வழி கூறும் மூத்தவர் ஒருவர் அருகில் இருந்தால் பல பிள்ளைகள் தப்பிக்கொள்வர். அத்தகைய வழிகாட்டற் பணியை ஆலயம் தொடங்குவது எளிது. அதனைத் தொடர்ந்து நடத்துவதே கடினம்.

முன்னோர் காட்டிய வழி

ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் 1848 ஆம் ஆண்டு வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். பின்னர் 1923 இல் தோன்றிய சைவ வித்தியாவிருத்திச் சங்கத்தின் சார்பில் "இந்து போட்" இராசரத்தினம் அவர்கள் வீடு வீடாகப் பிடியரிசி சேர்த்துச் சைவப் பாடசாலைகளை வளர்த்தார். உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைப் புறம்பாக எடுத்து வைப்பதே பிடியரிசி. ஏழையும் கொடுக்கக்கூடிய தருமம் அது. கொடுத்த வீடு ஒவ்வொன்றும் பாடசாலையைத் தன்னுடையது என்று எண்ணியது.

1960, 1961 ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளிற் பெரும்பாலானவை அரசின் பொறுப்புக்கு மாறின. ஆயினும் ஆலயங்களின் தொண்டு நின்றுவிடவில்லை. தெல்லிப்பழை துர்க்காதேவி தேவஸ்தானத்தில் சிவத்தமிழ்ச்செல்வி தங்கம்மா அப்பாக்குட்டி அவர்களின் தலைமையில் 1982 இல் துர்க்காபுரம் மகளிர் இல்லம் உருவாகி, ஆதரவற்ற பெண்பிள்ளைகளுக்கு வாழ்வளித்தது. ஆலய வருமானம் பிள்ளைகளின் எதிர்காலத்துக்கும் உரியது என்பதற்கு இது சிறந்த சான்றாகும்.

பணிகள் ஏன் இடைநிற்கின்றன?

2004 ஆம் ஆண்டுக் கடற்கோளின் பின்னரும், 2009 இல் போர் முடிந்த பின்னரும் வெளி நிறுவனங்கள் பல திட்டங்களைக் கிராமங்களுக்குக் கொண்டுவந்தன. பணம் முடிந்ததும் பல திட்டங்கள் நின்றுபோயின. புலம்பெயர்ந்த ஓர் அன்பரின் உதவியை மட்டும் நம்பிய வகுப்புகளுக்கும் இதே நிலை ஏற்படுவதுண்டு. இடையிற் கைவிடப்பட்ட பிள்ளை மறுமுறை எவரையும் எளிதில் நம்பாது. ஆகவே ஒருவர் கொடுக்கும் பெருந்தொகையிலும், பலர் தொடர்ந்து கொடுக்கும் சிறு தொகையே இப்பணிக்கு உறுதியானது.

நிதி தேடும் வழிகள்

முதலாவது, பிடியரிசி. ஒரு பிடி ஐம்பது கிராம் என்று கொண்டால், 100 வீடுகள் நாள்தோறும் எடுத்து வைக்கும் அரிசி மாதம் 150 கிலோ ஆகும். அதிலொரு பகுதி மாலை வகுப்புப் பிள்ளைகளின் கஞ்சிக்கு உதவும். எஞ்சியதை விற்றுக் கொப்பிகளும் பயணச் செலவும் கொடுக்கலாம்.

இரண்டாவது, மாத உபயம். மகோற்சவத்தில் ஒவ்வொரு திருவிழாவுக்கும் உபயகாரர் இருப்பதுபோல, பன்னிரண்டு மாதங்களுக்கும் பன்னிரண்டு குடும்பங்கள் பொறுப்பேற்கலாம். ஒரு குடும்பம் இயலாதவிடத்து இரண்டு குடும்பங்கள் சேர்ந்து செய்யலாம்.

மூன்றாவது, ஊர் விளைவு. வளவிலுள்ள தென்னை ஒன்றை நேர்ந்து, ஆண்டில் ஒருமுறை பிடுங்கும் காய்களைக் கொடுக்கலாம். திருவிழாவில் ஏலம் விடப்படும் வாழைக்குலை, மாம்பழம் ஆகியவற்றுள் ஒன்றின் பணத்தையும் ஒதுக்கலாம்.

நான்காவது, நிரந்தர வைப்பு. வெளிநாட்டு உறவுகள் அனுப்பும் பெருந்தொகையைச் செலவிடாது வங்கியிலிட்டு, வட்டியை மட்டும் எடுப்பது நன்று. ஓர் இலட்சம் ரூபாவுக்கு எட்டு வீத வட்டி கிடைத்தால் ஆண்டுக்கு 8,000 ரூபா வரும். வட்டி வீதம் ஏறி இறங்குமாதலால் குறைந்த வருமானத்தை வைத்தே செலவைத் திட்டமிடல் வேண்டும்.

பணத்திலும் பெரிய முதல்

இப்பணிக்குப் பணத்திலும் மேலானது நேரம். ஓய்வுபெற்ற ஆசிரியர், தாதி, மேசன், விவசாயி, வங்கி ஊழியர் எவராயினும் மாதம் இரண்டு மணித்தியாலம் கொடுத்தாற் போதும். அறநெறிப் பாடசாலை நடைபெறும் மண்டபமே சந்திக்கும் இடமாகலாம். சந்திப்புகள் பலர் பார்க்கும் பொது இடத்தில், பெற்றோரின் சம்மதத்துடன் நிகழ்தல் அவசியம். பயன்பெற்று முன்னேறிய பிள்ளை, தன் பின்னால் வரும் இன்னொரு பிள்ளைக்கு வழிகாட்டியாக வருதலே கைம்மாறு. அப்போது பணி தானாகவே தொடரும்.

கணக்கும் நம்பிக்கையும்

இந்நிதி திருப்பணி நிதியுடன் கலவாது தனிக் கணக்கில் இருத்தல் வேண்டும். பணம் எடுக்க இருவரின் கையொப்பம் தேவை. வரவு செலவை மாதந்தோறும் ஆலய அறிவித்தற் பலகையில் இடவேண்டும். உதவி பெறும் பிள்ளைகளின் பெயரை அதில் எழுதலாகாது. கொடுத்தவர் கண்ணாற் கணக்கைக் கண்டால் அடுத்த முறையும் கொடுப்பர்.

கோபுரம் எழுப்புதலும் திருப்பணி. குமரப் பருவத்துப் பிள்ளையைத் தாங்கி நிறுத்துதலும் திருப்பணியே. இன்று ஐந்து பிள்ளைகளுடன் சிறிதாகத் தொடங்கும் பணி நாளை ஊரையே தாங்கும். அடியார்கள் அனைவரும் இதில் இணைந்துகொள்ள எல்லாம் வல்ல இறைவன் திருவருள் பாலிப்பானாக.