அணையாடைக்குப் புதுத் துணியைப் பக்குவம் செய்தல்

பொதட்டூர்பேட்டை நெசவூர். பாவு நூலுக்குக் கஞ்சி ஏற்றாமல் தறியில் பூட்டினால் இழை அறும் என்பதைச் சங்க அங்கத்தினர்க்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. ஆயினும், நெசவுக்கு அவசியமான அக்கஞ்சியே சிசுவுக்குக் கட்டும் அணையாடைக்கு இடையூறாவது பலரால் கவனிக்கப்படுவதில்லை. கஞ்சித் துணி விறைத்து நின்று இளந்தோலை உராயும். அன்றியும், வெளுக்காத கோராத் துணியில் பருத்திக்கு இயற்கையாயுள்ள மெழுகு தங்கியிருப்பதால், அது நீரை எளிதில் உறிஞ்சாது. பழைய வேஷ்டி சேலைகளைக் கிழித்துக் கட்டும் மூதாட்டியரின் வழக்கம் நியாயமானதே. பன்முறை துவைத்த துணியில் இவ்விரண்டும் இல்லை. பழந்துணி போதாதவிடத்தே பக்குவம் வேண்டியதாகிறது.

துணிமேல் குத்தும் முத்திரையும் அற்பமன்று. 1886-ஆம் ஆண்டில் ரெய்னர் என்னும் ஆங்கில வைத்தியர், பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் என்னும் சஞ்சிகையில் ஒரு செய்தி வெளியிட்டார். புதிதாய் அடையாள மையிட்ட அணையாடைகளைக் கட்டிய சிசுக்களின் உடல் நீலம் பாய்ந்தது. மையிலிருந்த அனிலீன் என்னும் பொருள் தோல் வழியே உட்சென்று, இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலைக் கெடுத்ததே காரணம். எந்த மை எத்தகையது என்பது பார்வைக்குப் புலப்படாதாகையால், முத்திரையுள்ள தலைப்பை வெட்டி நீக்குவதே நலம். அதனால் ஒரு சாண் துணிக்குமேல் நஷ்டமில்லை.

எஞ்சிய துணியை இரவு முழுதும் நிறைய நீரில் ஊறவைத்து, காலையில் வழுவழுப்புப் போகக் கசக்கி அலசுக. பின்னர், சலவைச் சோடா சிறிது கரைத்த நீரில் அரைமணி நேரம் கொதிக்கவிட்டு, சோடாவின் வழுக்கல் தீருமட்டும் நன்னீரில் பலமுறை அலசி, வெயிலில் உலர்த்துக. துணி சுருங்குமாதலால் துண்டிடுவதும் ஓரம் தைப்பதும் அதன் பின்னரே. உலர்ந்த துணிமேல் ஒரு துளி நீர் விடுக. துளி முத்தாய் நின்றால் மெழுகு போகவில்லை; மறுபடியும் கொதிக்கவைத்தல் வேண்டும். உடனே பரவி மறையுமாயின் துணி கட்டத் தக்கது. அதற்கு எக்காலத்தும் கஞ்சியோ நீலமோ இடலாகாது.

இவ்வளவும் செய்து, துணியைப் பெட்டியில் வைக்கும்போது அந்துருண்டை போடுவோர் உளர். இது பெருந்தவறு. சில சிசுக்களின் சிவப்பணுக்களில் பிறவிக் குறை ஒன்று உண்டு. நாப்தலின் உருண்டையின் ஆவி அவ்வணுக்களை உடைத்துக் கடும் மஞ்சட்காமாலையை விளைக்கும். அக்குறை எந்தக் குழந்தைக்கு உண்டென்பதை முகத்தைக் கண்டு அறியவியலாது. அந்துப்பூச்சியோ கம்பளியையும் பட்டையும் தின்பதேயன்றி, தூய பருத்தியை நாடுவதரிது.