நம்பிக்கைகளும் உண்மைகளும்: தடையைக் கண்டதும் இழுக்கும் குதிரைக்கு எந்த பிட்?

"ஜம்ப்பைப் பார்த்தாலே பிச்சுக்கிட்டு ஓடுது சார். ஸ்னாஃபிள் பத்தாது, வேற பிட் போடணும்." குதிரையேற்றம் பழகும் எந்தத் திடலிலும் இந்தப் பேச்சு காதில் விழும். சொல்பவர் பெரும்பாலும் பயத்தில் சொல்கிறார். ஐந்நூறு கிலோ எடையுள்ள விலங்கு தடையை நோக்கிப் பாயும்போது, கையிலிருக்கும் வார் வழுக்கிக்கொண்டு போனால் யாருக்கும் வயிறு கலங்கும். அந்தப் பயத்தில் குறை காண எனக்கு மனமில்லை. அந்தப் பயத்தில் வாங்கும் இரும்பு எங்கே போய்ச் சேர்கிறது என்பதைத்தான் பேச வேண்டும்.

நம்பிக்கை: இழுக்கும் குதிரைக்குக் கடுமையான பிட்தான் மருந்து.

பிட் என்பது கடிவாளத்தில் குதிரையின் வாய்க்குள் கிடக்கும் பகுதி. முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே, பல்லே இல்லாத இடைவெளியில் நாக்கின் மேல் அது கிடக்கிறது. அங்கே கீழ்த்தாடை எலும்பின் விளிம்பை மெல்லிய ஈறு மட்டுமே போர்த்தியிருக்கிறது. முழங்காலுக்குக் கீழே, முன்னெலும்பின் விளிம்பில் ஒரு பேனாவைக் குறுக்கே வைத்து அழுத்திப் பாருங்கள். குதிரைக்கு எப்படி இருக்கும் என்று ஓரளவு விளங்கும். வலித்தால் நாம் காலை இழுத்துக்கொள்வோம். குதிரை தலையைத் தூக்கும், வாயைப் பிளக்கும், நாக்கைச் சுருட்டும். எதுவும் பலிக்காவிட்டால் ஓடும். ஆபத்திலிருந்து ஓடிப் பிழைப்பது அதன் பிறவிக் குணம். கடுமையான பிட் போட்ட பிறகு முன்னைவிட வேகமாக இழுக்கும் குதிரைகள் இருப்பது இதனால்தான்.

நெம்புகோல் இல்லாத சாதாரண பிட்டான ஸ்னாஃபிளில் கை இழுக்கும் விசை அப்படியே வாய்க்குப் போகிறது. பெல்ஹம் போன்ற பிட்டுகளில் பக்கத் தண்டு நெம்புகோலாக வேலை செய்கிறது. கீழ்த்தண்டு மேல்தண்டைப் போல இரு மடங்கு நீளம் என்று வைத்துக்கொள்வோம். கீழ்த்தண்டின் நுனியில் பூட்டிய கீழ் வாரில் 1 கிலோ விசை கொடுத்தால் தாடைக்கு அடியிலுள்ள சங்கிலியில் ஏறக்குறைய 2 கிலோவும், வாய்க்குள் 3 கிலோவும் விழும். கேக் (gag) வகை பிட்டுகள் காதுகளுக்குப் பின்னால் உச்சியிலும் வாயோரத்திலும் சேர்ந்து அழுத்தும். பல குதிரைகள் அதற்குத் தலையைத் தூக்கி முதுகைக் குழிப்பதைத்தான் பதிலாகத் தருகின்றன. முதுகு வளைந்து கழுத்து நீண்டால்தான் தடையை அழகாகத் தாண்ட முடியும். பிட் அதைக் கெடுத்தால் தாண்டலே கெடும்.

இதை நூறாண்டுக்கு முன்பே கண்டுகொண்டவர் இத்தாலியக் குதிரைப்படை அதிகாரி ஃபெடரிகோ காப்ரிலி (1868–1907). அவர் காலத்தில் தடைக்கு மேலே பின்னால் சாய்ந்து வாரைப் பிடித்துக்கொள்வதே முறையாக இருந்தது. முன்னால் குனிந்து, கையைத் தளர்த்தி, குதிரையின் தலைக்கும் கழுத்துக்கும் விடுதலை கொடுங்கள் என்றார் அவர். இன்று உலகமெங்கும் தடை தாண்டுபவர்கள் அமரும் முறை அதிலிருந்து வந்தது.

ஆகவே கடைக்குப் போகுமுன் குதிரையிடம் போங்கள். கடைவாய்ப் பற்களின் விளிம்பு கூர்மையாகிக் கன்னத்தைக் கிழிக்கிறதா? சில குதிரைகளுக்குக் கடைவாய்ப் பற்களுக்கு முன்னால் முளைக்கும் சின்னஞ்சிறு பல்லில் பிட் இடிக்கிறதா? சேணம் முதுகை அழுத்துகிறதா? தடைக்குப் பின்னால் விழுந்த நினைவு ஏதும் உண்டா? எல்லாம் சரி என்றால் உங்கள் கையைக் கவனியுங்கள். விடாமல் பிடித்து இழுக்கும் கை, குதிரை சாய்ந்துகொள்ள ஒரு தாங்கல் மட்டுமே. பிடித்து, உடனே விட்டு, மறுபடி பிடிக்கும் கைக்கு எதிராக அதனால் சாய முடியாது. சமதளத்தில் அதே பிட்டில் அமைதியாக ஓடும் குதிரை தடையிடம் மட்டும் இழுத்தால், கோளாறு வாயில் இருக்க வாய்ப்பு குறைவு. தரையில் கிடத்திய கட்டைகள், மிதவேக ட்ராட் நடையில் சின்னத் தடை, தாண்டியதும் வட்டமடித்து நிற்பது என்று சில வாரங்கள் பொறுமையாக வேலை செய்தால் தேறும் குதிரைகள் பல.

நம்பிக்கை: தடித்த பிட் மென்மையானது, மெல்லியது கொடுமையானது.

பாதி உண்மை. மெல்லிய கம்பி விசையைச் சிறு இடத்தில் குவிக்கிறது, சரி. ஆனால் குதிரையின் வாய் வெளியே தெரிகிற அளவுக்கு உள்ளே விசாலமில்லை. நாக்கே அதை நிறைத்திருக்கிறது. தடித்த ரப்பர் உருளைக்கு அங்கே இடம் ஏது? பின்லாந்தில், கிராஸ் கன்ட்ரி என்னும் திறந்தவெளித் தடையோட்டத்தை ஓடி முடித்த 208 குதிரைகளின் வாயைச் சோதித்து 2021இல் வெளியிட்ட ஆய்வில், பாதிக்குச் சற்று அதிகமானவற்றுக்குப் புதுக் காயம் இருந்தது. 14 முதல் 17 மி.மீ. வரையிலான நடுத்தர பிட்டுகளோடு ஒப்பிட்டால், 10–13 மி.மீ. பிட்டுகளிலும் 18–22 மி.மீ. பிட்டுகளிலும் மிதமான அல்லது கடுமையான காயத்துக்கான வாய்ப்பு அதிகம். அகலத்திலும் கவனம் வேண்டும். இரு பக்கமும் உதட்டுக்கு வெளியே அரை சென்டிமீட்டர் அளவுக்கு நீண்டிருந்தால் போதும். அதைவிட நீண்டால் பிட் வாய்க்குள் பக்கவாட்டில் நழுவும், குறைந்தால் உதட்டைக் கிள்ளும்.

நம்பிக்கை: மூக்குப் பட்டையை இறுக்கினால் குதிரை அடங்கும்.

வாயைத் திறக்க விடாமல் கட்டினால் வலி வெளியே தெரியாது, அவ்வளவே. உள்கன்னம் பற்களின் விளிம்பில் நசுங்கும். சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு 2025 முதல் பட்டையின் இறுக்கத்தை அளக்க ஒரே மாதிரியான கருவியைப் பயன்படுத்துகிறது. வீட்டில் அது இல்லாவிட்டாலும் மூக்கெலும்பின் மேல் பட்டைக்கடியில் இரண்டு விரல் நுழைய வேண்டும்.

பிட்டே இல்லாத ஹேக்கமோர் கருணையானது என்பதும் அப்படியே ஏற்கத்தக்கதல்ல. நீண்ட தண்டுள்ள ஹேக்கமோர், மூக்கிலும் தாடையிலும் நெம்புகோலாக அழுத்துவது. அதைத் தாழ்வாகக் கட்டினால் மூச்சுக்கே இடைஞ்சல்.

வலுவான பிட்டே கூடாது என்று சொல்ல வரவில்லை. பல்லும் முதுகும் சரியாக இருந்து, பயிற்சியும் நடந்து, போட்டித் திடலில் உற்சாகத்தில் மிஞ்சும் குதிரைக்கு, கை பழகியவர் இரண்டு வார்களுள்ள பெல்ஹம் போடலாம். மேல் வாரில் ஓட்டி, தேவைப்பட்ட நொடியில் மட்டும் கீழ் வாரைத் தொட்டு உடனே விடலாம். கையில் பிடிமானம் இல்லாத புதியவரிடம் அதையே கொடுப்பது குதிரைக்கு இழைக்கும் கொடுமை.

அடுத்த முறை தாண்டி முடித்து லாயத்துக்குத் திரும்பியதும் பிட்டைக் கழற்றிவிட்டு, நல்ல வெளிச்சத்தில் உதட்டை மெல்ல விலக்கி, இரு பக்கமும் அந்தப் பல்லில்லாத இடத்தைப் பாருங்கள். வெளியே ஒரு சொட்டு ரத்தம் தெரியாமலே உள்ளே புண் இருக்கலாம். சிவப்போ வீக்கமோ கண்ணில் பட்டால் புது பிட் வாங்காதீர்கள். ஆறும்வரை வாயில் எதையும் போடாமல் கால்நடை மருத்துவரை அழையுங்கள்.