நன்றாகத்தானே போய்க்கொண்டிருந்தது?

அலுவலகக் கூட்டம் என்றாலே நெஞ்சு படபடக்கிறது, வாய் திறந்தால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது என்று கவுன்சலிங் போக ஆரம்பிக்கிறார் ஒருவர். ஒன்றரை மாதத்தில் நல்ல மாற்றம். கேமராவை அணைத்துவிட்டு ஒதுங்கி உட்கார்ந்தவர் இப்போது முகம் காட்டுகிறார், நடுவில் கேள்விகூடக் கேட்கிறார். திடீரென்று ஒரு செவ்வாய்க்கிழமை, கிளையன்ட் முன்னால், மூன்றாவது ஸ்லைடில் குரல் அடைத்துக்கொள்கிறது. ‘நெட் சரியில்லை’ என்று சொல்லி அழைப்பைத் துண்டிக்கிறார். அன்று ராத்திரியே ராஜினாமாக் கடிதம் தயார்.

அது டிராஃப்டிலேயே கிடக்கட்டும். மோசமான வாரத்தில் வேலையை விடுவது பற்றி முடிவெடுக்காதீர்கள். மாத்திரை எடுப்பவரானால், அதை நிறுத்துவது பற்றியும்தான். மனச்சோர்வு, பதற்றத்துக்கான மாத்திரைகள் நன்றாக வேலை செய்யப் பெரும்பாலும் நான்கிலிருந்து எட்டு வாரம் ஆகும். பாதியில் சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றலும் எரிச்சலும் தூக்கக் கேடும் வரலாம். அதை நோய் திரும்பிவிட்டதாக எண்ணிக் குழம்புகிறவர்கள் உண்டு. குறைப்பதோ நிறுத்துவதோ டாக்டர் சொல்லித்தான்.

அழைப்பைத் துண்டித்ததும் உடம்பு லேசானதே, சிக்கலே அங்கேதான். தப்பித்தால் நிம்மதி கிடைக்கும் என்று மூளை கற்றுக்கொள்கிறது. அடுத்த கூட்டம் இன்னும் பயங்கரமாகத் தெரியும். அதனால் அடுத்த அழைப்புக்கு லீவு போடாதீர்கள். ஒரு படி இறங்கிக்கொள்ளலாம்: முழு பிரசன்டேஷன் வேண்டாம், இரண்டு ஸ்லைடு போதும். படபடப்பு இருக்கும்போதே பேசி முடியுங்கள். அது அடங்கிய பிறகு பேசலாம் என்று காத்திருந்தால் முறை வரவே வராது.

குடிநோய் சிகிச்சையில் பேர்போன அமெரிக்க உளவியலாளர் ஆலன் மார்லட், ஒருமுறை சறுக்குவது வேறு, பழைய நிலைக்கே திரும்புவது வேறு என்று பிரித்துக் காட்டியவர். ஒரு கிளாஸ் குடித்தவரை மறுபடி குடியில் தள்ளுவதில் ‘எல்லாம் போச்சு’ என்ற நினைப்புக்குப் பெரிய பங்கு உண்டு என்றார். ராஜினாமாக் கடிதத்தை எழுத வைப்பதும் அதே நினைப்புதான்.

முன்னேற்றத்தை அன்றன்றைய மனநிலையை வைத்து அளக்காதீர்கள். பிஎச்க்யூ-9 என்று ஒரு கேள்வித்தாள் இருக்கிறது. கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி ஒன்பது கேள்விகள், மதிப்பெண் 0 முதல் 27 வரை. மனச்சோர்வுக்கு இது, பதற்றத்துக்கு ஜிஏடி-7. ஒன்றிரண்டு புள்ளி ஏறி இறங்குவது சகஜம். பிஎச்க்யூவில் ஐந்து புள்ளி மாறினால்தான் கணக்கில் எடுப்பார்கள். கவுன்சலரிடம் கேட்டு அவ்வப்போது நிரப்புங்கள். வருஷத்துக்கொரு அப்ரைசலைவிட இது நியாயமானது. சறுக்கியதையும் அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ‘பரவாயில்லை, நல்லாத்தான் இருக்கேன்’ என்று நல்ல பிள்ளையாக நடிக்கக் கட்டணம் கொடுத்துப் போவானேன்?

மனதைக் கிளறும் கவுன்சலிங் அமர்வுக்கு மறுநாள் உடம்பும் மனசும் கனமாக இருக்கலாம். முக்கியமான ரிவ்யூவுக்கு முந்தின மாலை அமர்வு வைக்காதீர்கள்.

மேனேஜரிடம் எவ்வளவு சொல்வது? நோயின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. “ஒரு சிகிச்சையில இருக்கேன் சார். வியாழக்கிழமை நாலு மணிக்குக் கிளம்பணும், அந்த நேரத்தைக் காலையில ஈடுகட்டிடறேன்” என்றால் போதும். வேண்டியதைத் தெளிவாகக் கேட்டால் பெரும்பாலும் காரணத்தைத் துருவ மாட்டார்கள். ஹெச்.ஆர். அனுப்பும் யோகா போஸ்டரைவிட இப்படிக் கேட்டு வாங்கும் நேரம் பெரிது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், சில விதிவிலக்குகள் தவிர, சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைக்கச் சொல்கிறது. உடல்நோய்க்கு இணையாக மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு தரச் சொல்வதும் அதுவே. கம்பெனி பாலிசியை ஒருதரம் எடுத்துப் பாருங்கள்.

செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்தால் மட்டும் இந்தப் பொறுமையெல்லாம் உதவாது. அடுத்த அமர்வு வரை காத்திராமல் உடனே வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள், டாக்டரைக் கூப்பிடுங்கள். மத்திய அரசின் டெலி-மானஸ் எண் 14416. இலவசம், இருபத்துநான்கு மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.