வீட்டிலும் கடையிலும் வீண்விரயம் தவிர்ப்போம்

வர்த்தகர்களாகிய நாம் கொள்முதல், விற்பனை, கடன் ஆகியவற்றுக்குக் கணக்கு வைக்கிறோம். ஆனால், வீணாகும் மின்சாரத்துக்கும் பொலித்தீனுக்கும் நம்மில் பலரிடம் கணக்கில்லை. சுற்றாடலைப் பாதுகாப்பது அரசாங்கத்தின் வேலை என்று ஒதுங்கிக்கொள்வோரும் உண்டு. 2017 ஏப்ரல் 14 ஆம் திகதி மீதொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்து 30க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அந்த மேட்டில் குவிந்திருந்தவை கொழும்பின் வீடுகளிலும் கடைகளிலும் அன்றாடம் வீசப்பட்டவையே.

நாம் செய்யக்கூடியவை எவை? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. மின்சாரம்

1000 வாட் கருவியொன்று ஒரு மணித்தியாலம் இயங்கினால் ஓர் அலகு செலவாகும். பழைய நான்கடி டியூப் லைட் ஒன்று அதன் சோக்குடன் சேர்த்து ஏறத்தாழ 45 வாட் இழுக்கும். அதற்குப் பதிலான எல்.ஈ.டி. டியூபுக்கு 18 வாட் போதும். கடையில் நான்கு விளக்குகள் நாளொன்றுக்கு 10 மணித்தியாலம் எரிந்தால், 26 நாட்களில் சுமார் 28 அலகுகள் மிச்சமாகும்.

வீட்டு மின்கட்டணத்தில் அலகுகள் கூடக் கூட அலகொன்றின் விலையும் கூடுகிறது. எனவே, நாம் மிச்சப்படுத்துவது விலை கூடிய அலகுகளையே. தினமும் காலையில் ஓர் உடுப்புக்காக அயனைச் சூடாக்காமல், வாரத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் சேர்த்து அயன் பண்ணுங்கள்.

குளிர்சாதனப் பெட்டியின் கதவிடுக்கில் ஒரு கடதாசியை வைத்து மூடி, இழுத்துப் பாருங்கள். இலகுவாக வெளியே வந்தால் கதவின் ரப்பர் தளர்ந்திருக்கலாம். அதை மாற்றுவதற்கான செலவை, குளிர் வெளியேறுவதால் மாதந்தோறும் கூடும் கட்டணத்துடன் ஒப்பிட்டுப் பாருங்கள்.

2. பைகள்

2017 செப்டம்பர் 1 முதல் பொலித்தீன் லன்ச் ஷீட், ரெஜிபோம் உணவுப் பெட்டி ஆகியன தடை செய்யப்பட்டன. 2025 நவம்பர் 1 முதல் கடைகளில் பொலித்தீன் ஷொப்பிங் பைகளை இலவசமாகக் கொடுக்க முடியாது. அவற்றுக்கு அறவிடும் விலையைப் பற்றுச்சீட்டில் காட்ட வேண்டும். பையைக் காசுக்கு வாங்க விரும்பாத வாடிக்கையாளரிடம், வீட்டிலிருந்து பை கொண்டுவரும்படி சிரித்த முகத்துடன் சொல்லுங்கள். கடையின் பெயர் அச்சிட்ட துணிப்பையைக் கொள்முதல் விலைக்கே கொடுக்கலாம். அது சந்தைக்குப் போகும் இடமெல்லாம் உங்களுக்கு விளம்பரம். வெற்று அட்டைப் பெட்டிகளையும் வீசாமல் பொருள் கட்டிக்கொடுக்கப் பயன்படுத்தலாம்.

3. குப்பை

நமது வீட்டுக் குப்பையில் பாதிக்கும் மேற்பட்டது சமையலறைக் கழிவு. மரக்கறித் தோல், தேங்காய்ப்பூச் சக்கை, தேயிலைச் சக்கை ஆகியவற்றை வேறாகச் சேர்த்தால் தோட்டத்துக்குப் பசளையாகும். கடதாசி, போத்தல், தகரம் ஆகியவற்றை வாங்குவோர் இருக்கிறார்கள். பொலித்தீனைக் கொல்லையில் எரிப்பதை இன்றே நிறுத்துங்கள். அந்த நச்சுப் புகையை முதலில் சுவாசிப்பவர்கள் நமது பிள்ளைகளே.

4. நீர்

ஒழுகும் குழாயின் கீழ் இரவில் ஒரு வாளியை வைத்து, காலையில் அளந்து பாருங்கள். அதை 30ஆல் பெருக்கினால் ஒரு மாதத்தில் இரவுகளில் மட்டும் வீணாகும் நீர் தெரியும். பகலில் ஒழுகுவது அதற்கு மேலதிகம். ஒரு வொஷரை மாற்றினாலே பெரும்பாலும் ஒழுக்கு நின்றுவிடும்.

இவற்றை ஒரே நாளில் செய்ய வேண்டியதில்லை. மாதத்தின் முதலாம் நாள் மின்மானியையும் நீர்மானியையும் பார்த்து கணக்குப் புத்தகத்தில் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மாற்றத்தைச் செய்து, அடுத்த மாதம் ஒப்பிட்டுப் பாருங்கள். பயன் தெரிந்ததும் அடுத்ததைத் தொடங்குங்கள். வீட்டாரையும் கடை ஊழியர்களையும் இதில் சேர்த்துக்கொள்வது அவசியம். முதலாளி மட்டும் சுவிச்சை அணைத்துக்கொண்டிருந்தால் பழக்கம் நிலைக்காது.