மாக்கோழியும் ‘ஏ’ சான்றிதழும்

2025-ஆம் ஆண்டு ஆகஸ்டு 14-ஆம் நாள் ‘கூலி’ என்னும் திரைப்படம் வெளிவந்தது. ரஜினிகாந்த் நடித்த படமாதலின், பிள்ளைகளோடு சென்று காணப் பல குடும்பங்கள் ஆவலுற்றிருந்தன. ஆனால் அதற்குக் கிடைத்தது ‘ஏ’ சான்றிதழ். அதனை ‘யு/ஏ’ என மாற்றித் தரக் கோரித் தயாரிப்பாளர் தொடுத்த மனுவைச் சென்னை உயர்நீதிமன்றம் அம்மாதமே தள்ளுபடி செய்தது. “பாட்டி, படத்தில் வரும் சண்டையெல்லாம் பொய்தானே? நான் பார்த்தால் என்ன?” என்று நம் இல்லத்துச் சிறுவன் வினவினான். நியாயமான வினா. விடை கூறுதல் நம் கடன்.

சட்டம் கூறுவது

1952-ஆம் ஆண்டின் திரைப்படச் சட்டப்படி, பொதுவில் திரையிடப்பெறும் படம் ஒவ்வொன்றும் தணிக்கை வாரியத்தின் சான்றிதழ் பெறுதல் வேண்டும். தொடக்கத்தில் ‘யு’, ‘ஏ’ என இரு பிரிவுகளே இருந்தன. 1983-இல் ‘யு/ஏ’, ‘எஸ்’ என்பன சேர்ந்தன. 2023-ஆம் ஆண்டுத் திருத்தம் ‘யு/ஏ’ பிரிவை 7, 13, 16 வயது என மூன்றாக வகுத்தது. இவற்றில் முடிவு பெற்றோர் கையில் உள்ளது. ‘ஏ’ பிரிவிலோ, பெற்றோர் உடன் வந்தாலும் 18 வயது நிரம்பாதோர்க்கு இடமில்லை. இங்ஙனம் வயது நோக்கிப் பிரித்தல் செல்லும் என்று 1970-இல் கே.ஏ. அப்பாஸ் வழக்கில் உச்சநீதிமன்றமும் தீர்ப்பளித்துள்ளது.

கொலைக்காட்சி ஒன்று உண்டு என்பதனாலேயே ‘ஏ’ வந்துவிடுவதில்லை. படம் முழுமையும் மனத்தில் விளைக்கும் பயனையே நோக்குகின்றனர். வன்செயல் பெருமைப்படுத்தப்பெறுகிறதா? குற்றம் புரியும் முறை கற்பிக்கப்பெறுகிறதா? குழந்தைகள் வன்முறையில் ஈடுபடுத்தப்பெறுகின்றனரா? கொடுமை வெறும் கேளிக்கைக்காகக் காட்டப்பெற்று நெஞ்சை மரத்துப்போகச் செய்கிறதா? 1991-ஆம் ஆண்டு நெறிமுறைகள் இவற்றை ஆராயச் சொல்கின்றன.

அறம் கூறுவது

சமந்தபத்திர ஆசாரியர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் அநர்த்ததண்ட விரதத்தை விளக்குகிறார். பயனின்றிச் செய்யும் பாவத்தினின்று விலகுதலே அது. அவ்வகைப் பாவங்கள் ஐந்தனுள் ஒன்று துச்ருதி; அதாவது மனத்தைக் கலக்கும் தீய கதைகளைக் கேட்டல். அன்று செவி வழி புகுந்தது, இன்று கண் வழியும் புகுகிறது.

“நடிப்புத்தானே” என்னும் வினாவுக்கு யசோதர காவியம் விடை தருகிறது. யசோதர மன்னன் பலியிட்டது மாவினால் செய்த கோழியையே. எனினும் அவனும் அவன் தாயும் பல விலங்குப் பிறவிகளில் உழன்றனர். கோழி பொய், வெட்டும் எண்ணம் மெய். உடலுக்கு இழைக்கும் தீங்கு திரவிய ஹிம்சை. உள்ளத்தில் எழும் கொடுமை பாவ ஹிம்சை. திரையில் ஒருவன் வெட்டுண்ணும்போது நாம் கைதட்டினால், செய்யாத கொலைக்கு அனுமோதனம் அளித்தவர் ஆகிறோம். கொடுமையில் இன்புறும் அந்நிலையையே ஆகமங்கள் ரௌத்திரத் தியானம் என்கின்றன. பெரியோர் தம் உள்ளத்தை ஆராய்ந்து மீளலாம். சிறுவன் எங்ஙனம் மீள்வான்? கண்டதைப் பழகுவதே அவன் பருவத்தின் இயல்பு.

நம் இல்லத்தில்

திரையரங்கின் வாயிலில் காவல் உண்டு. கைப்பேசிக்கு யார் காவல்? 2021-ஆம் ஆண்டு விதிகளின்படி இணையத் திரைத்தளங்கள் வயதுப் பிரிவைக் குறித்து, பெற்றோர் பூட்டும் வசதியையும் அளித்தல் வேண்டும். அதனைப் பயன்படுத்துவது நம் பொறுப்பு. நாமும் இதில் தவறினோம். சமையல் முடியும் மட்டும் அமைதியாக இருக்கட்டும் என்று அச்சிறுவன் கையில் கைப்பேசியைக் கொடுத்தோம். பின்னர் நோக்கியபோது, ஒருவன் அடிபட்டு வீழும் காட்சியைக் கண்டு அவன் சிரித்துக்கொண்டிருந்தான். அவன் அஞ்சி அழுதிருந்தால் இத்துணை வருந்தியிருக்க மாட்டோம். அன்றிரவு மாக்கோழியின் கதையை அவனுக்குச் சொன்னோம். “அப்போது நான் சிரித்ததும் தப்பா?” என்றான். “நானும் உன்னோடு இருந்து பார்த்திருக்க வேண்டும், தப்பு இருவருடையதும்” என்றோம்.

சட்டம் 18 வயதோடு நின்றுவிடும். விரதத்திற்கு வயது வரம்பு இல்லை.

வீட்டில் சிந்திக்க

1. இவ்வாரம் கண்ட படத்தில் யாருடைய துன்பத்திற்கு இரங்கினோம்? யாருடைய துன்பத்தில் மகிழ்ந்தோம்?

2. பிள்ளைகளுக்கு வேண்டாம் என்ற காட்சியை, அவர்கள் உறங்கியபின் நாம் காண்கிறோமா?

3. கிருதம், காரிதம், அனுமோதனம் மூன்றுக்கும் திரைப்படத்திலிருந்து ஒவ்வோர் எடுத்துக்காட்டுத் தருக.