கடிபட்டவர் பிழைத்தார்; அது சான்றாகுமா?

ஜூன் மாதம் பெரியாறு அணைத் தண்ணீர் திறந்ததும் கம்பம் பள்ளத்தாக்கில் முதல் போகத்துக்கான நாற்றங்கால் வேலை தொடங்கிவிடும். லோயர் கேம்ப்பிலிருந்து பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நெல் வயல். அதை ஒட்டித் திராட்சைப் பந்தல், வாழை, தென்னை. எலி இருக்கும் இடத்தில் பாம்பும் இருக்கும். அங்கேதான் எங்கள் மாணவர்களின் பெற்றோர் விடிவதற்கு முன்பே கால் வைக்கிறார்கள். அதனால், உடல்நலம் குறித்து நம்பத்தக்கது எது, கட்டுக்கதை எது என்று பிரித்தறியும் பாடத்தை எட்டாம் வகுப்பில் பாம்புக்கடியிலிருந்தே தொடங்குகிறேன்.

“மந்திரிக்காதீர்கள், மருத்துவமனைக்குப் போங்கள்” என்று சொல்லிவிட ஒரு நிமிடம் போதும். பிள்ளைகள் அதைத் தேர்விலும் சரியாக எழுதிவிடுவார்கள். ஆனால் வீட்டில் ஒருவருக்குக் கடிபட்டால் முடிவெடுப்பது தேர்வுத்தாள் அல்ல. ஒரு மாணவன் எழுந்து, “எங்க தாத்தாவுக்குப் பார்வை பார்த்துத்தான் டீச்சர் சரியாச்சு, ஊரே சாட்சி” என்றான். அவன் சொன்னதில் பொய் இல்லை. தாத்தாவைப் பாம்பு கடித்தது, மந்திரித்தார்கள், அவர் பிழைத்தார். மூன்றும் நடந்தவைதாம். மந்திரித்ததால்தான் பிழைத்தாரா என்பது மட்டுமே ஆராய வேண்டியது. தாத்தாவைக் குறை சொல்லாமல் இந்த இடத்துக்கு வகுப்பைக் கொண்டுவருவதுதான் பாடத்தின் பாதி.

இதற்கு நூறு புளியமுத்தும் ஒரு துணிப்பையும் போதும். முப்பது முத்துகளில் வெள்ளைப் புள்ளி வைத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு முத்தும் ஒரு கடி. புள்ளி இல்லாத எழுபதும் விஷம் ஏறாத கடிகள். வயலில் அதிகம் தென்படும் தண்ணீர்ப் பாம்புக்கும் சாரைக்கும் விஷம் கிடையாது. விஷப்பாம்பும் சில சமயம் விஷத்தை இறக்காமல் வெறுமனே கடித்துவிட்டுப் போவதுண்டு. (எழுபது, முப்பது என்பது விளையாட்டுக்காக நான் வைத்த கணக்கு. இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் அதுவே புள்ளிவிவரமாகி ஊருக்குள் போய்விடும்.)

ஒரு மாணவர் மந்திரிப்பவராக உட்காருகிறார். மந்திரத்துக்கு எந்தச் சக்தியும் இல்லை என்று வைத்துக்கொள்கிறோம். பையிலிருந்து முத்துகளை ஒவ்வொன்றாக எடுத்து அவரிடம் கொடுக்கிறோம். புள்ளி இல்லாத எழுபது பேரும் எழுந்து வீட்டுக்குப் போகிறார்கள். ஒன்றுமே செய்யாத மந்திரத்துக்கு எழுபது சாட்சிகள் கிடைத்துவிட்டார்கள்.

இரண்டாவது சுற்றுதான் பிள்ளைகளை நிமிர்ந்து உட்கார வைக்கும். புள்ளி வைத்த முப்பது பேருக்கும் உடம்பு மோசமாகிறது. “இனி என்னால் ஆகாது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க” என்கிறார் மந்திரிப்பவர். ஐந்தாறு மணி நேரம் வீணானபின் அவர்கள் மருத்துவமனைக்கு வருகிறார்கள். இருபது பேர் பிழைக்கிறார்கள், பத்துப் பேர் இறக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இப்போது கரும்பலகையில் கணக்கெழுதச் சொல்ல வேண்டும். மந்திரிப்பவரின் இடத்தில் இறந்தவர் எண்ணிக்கை பூஜ்யம். மருத்துவமனையில் பத்து. உண்மையில் இருபது உயிரைக் காப்பாற்றியது மருத்துவமனைதான். ஆனால் “ஆஸ்பத்திரிக்குப் போனாரு, செத்துட்டாரு” என்ற பெயரும் அதற்குத்தான். பின்வரிசையிலிருந்து “அப்ப ஊர்ல சொல்றதெல்லாம் இப்படித்தான் வந்திருக்குமா டீச்சர்?” என்று ஒரு குரல் கேட்டது. நான் பதில் சொல்லவில்லை. அவர்களே பேசட்டும் என்று விட்டேன்.

இதன் பிறகுதான் அறிவியல். விஷமுறிவு மருந்து இரத்தத்தில் சுற்றும் விஷத்தைப் பிடித்துச் செயலிழக்கச் செய்யும். ஏற்கெனவே சிதைந்த நரம்பு முனையை அதனால் உடனே சரிசெய்ய முடியாது. நேரம் ஏன் உயிர் என்பது இதிலிருந்தே விளங்கிவிடும். நம் நாட்டில் கிடைக்கும் மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்துக்கும் எதிரானது. அதைத் தயாரிக்கத் தேவையான விஷத்தை எடுத்துத் தருவதில், 1978இல் தொடங்கப்பட்ட வடநெம்மேலி இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு. பாம்பைப் பற்றிய மரபறிவு மருத்துவத்துக்கு எதிரி அல்ல என்று காட்ட இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

பிள்ளைகள் மிகவும் விரும்புவது இருபது நிமிடச் சோதனை. கடிபட்டவரின் இரத்தத்தில் இரண்டு மில்லிலிட்டரைச் சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் எடுத்து இருபது நிமிடம் அசைக்காமல் வைத்துவிட்டுச் சாய்த்துப் பார்ப்பார்கள். உறையாமல் ஓடினால் விரியன் விஷம் ஏறியிருக்கிறது என்று பொருள். பெரிய இயந்திரம் எதுவும் வேண்டாம். ஆனால் கட்டுவிரியன் கடியில் இந்தச் சோதனை கைகொடுக்காது. அது இரவில், தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். வலி குறைவு, பல்தடம்கூடத் தெரியாமல் போகலாம். விடியற்காலையில் வயிற்றுவலி, இமை தொங்குதல் என்று வந்தால் பாம்புக்கடி என்றே தோன்றாது. தரையில் படுக்கும் வீடுகள் நிறைந்த எங்கள் பகுதியில் இதைத் தனியாகச் சொல்லியாக வேண்டும்.

முதலுதவியைச் செய்து காட்டச் சொல்கிறேன். கடிபட்ட காலை அசையாமல் கட்டையோடு தளர்வாகக் கட்டுவது, கொலுசு, மோதிரம் இருந்தால் கழற்றுவது, நடக்க விடாமல் தூக்கிச் செல்வது, 108ஐ அழைப்பது. இறுக்கிக் கட்டக் கூடாது. இரத்தம் போகாமல் அந்த உறுப்பே கெடும், அவிழ்க்கும்போது விஷம் மொத்தமாகப் பாயும். கீறுவதும் உறிஞ்சுவதும் வேண்டாம். பாம்பை அடித்துக் கொண்டுவரவும் தேவையில்லை. 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை மருத்துவமனைகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. எண்ணினால்தான் எங்கே எவ்வளவு மருந்து வேண்டும் என்று தெரியும்.

‘ஊரில் சொல்கிறார்கள்’ என்பதெல்லாம் தள்ள வேண்டியதா? இல்லை. 1941இல் ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக் தம்மிடம் வந்த குழந்தைகள் பலருக்குப் பிறவிக் கண்புரை இருப்பதைக் கவனித்தார். கர்ப்பத்தின்போது தங்களுக்கு ரூபெல்லா வந்ததாகத் தாய்மார்கள் சொன்னது அவரைச் சிந்திக்க வைத்தது. அவர் அதோடு நிற்கவில்லை. மற்ற மருத்துவர்களிடமும் கேட்டுத் தொகுத்தார். 78 குழந்தைகளில் 68 பேரின் தாய்மாருக்கு அந்நோய் வந்திருந்தது. தாய்மாரின் பேச்சு எண்ணிக்கையாகி, பிறர் சரிபார்த்தபின் மருத்துவ அறிவானது.

அந்த ரூபெல்லாவுக்கும் தட்டம்மைக்கும் சேர்த்துத் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் 2017 பிப்ரவரியில் தடுப்பூசி போடப்பட்டது. ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்கான ஊசி அது. வாட்ஸ்அப்பில் பரவிய வதந்தியால் பல பெற்றோர் மறுத்தார்கள். முகாமை நீட்டிக்க வேண்டியதாயிற்று. அந்த வாரங்களில் பள்ளி வாசலில் பெற்றோருக்குப் பதில் சொன்ன ஆசிரியர்கள் பலர் இதைப் படித்துக்கொண்டிருப்பீர்கள். குரல்பதிவில் பேசியவர் யார், எந்த ஊர், எந்தக் குழந்தைக்கு என்ன ஆனது என்று கேட்டால் எதற்கும் விடை இருக்காது. “உடனே பத்துப் பேருக்கு அனுப்புங்கள்” என்பது மட்டும் தெளிவாக இருக்கும்.

பணம் பறிப்போரை அடையாளம் காண்பது பிள்ளைகளுக்கு எளிதாகவே வருகிறது. “சர்க்கரை நோயை 48 நாளில் வேரோடு ஒழிப்போம்” என்பது போன்ற துண்டறிக்கைகளைக் கொண்டுவரச் சொன்னால் பேருந்து நிலையத்திலிருந்தே கட்டாகக் கொண்டுவந்துவிடுவார்கள். 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டத்தின் அட்டவணையில் உள்ள நோய்களைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதே குற்றம். சர்க்கரை நோய் அந்த அட்டவணையில் இருக்கிறது. பெரியவர்களுக்கே தெரியாத சட்டம் ஒன்று தங்களுக்குத் தெரிகிறது என்பதில் பிள்ளைகளுக்குத் தனிப் பெருமை. ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரையை நிறுத்தச் சொல்லும் எந்த அறிவிப்பையும் வீட்டில் உடனே காட்டிப் பேச வேண்டும் என்பதை மட்டும் இரண்டு முறை சொல்வேன். சந்தேகம் என்றால் 104ஐ அழைத்துக் கேட்கலாம்.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் மாணவர்கள் இந்தப் புளியமுத்துக் கணக்கைச் செய்து காட்டினார்கள். எல்லாம் முடிந்தபின் ஒரு பெரியவர், “சரி தாயி, ராத்திரி ரெண்டு மணிக்குக் கடிச்சா அந்த மருந்து பக்கத்துல எங்க இருக்கும்?” என்று கேட்டார். அதுதான் அடுத்த வாரத்துக்கான செயல்திட்டமாயிற்று. கிராம சுகாதார செவிலியரிடம் விசாரித்து, இரவிலும் மருந்து கிடைக்கும் அரசு மருத்துவமனையின் பெயரையும் ஒவ்வொரு தெருவிலிருந்தும் அங்கே போக ஆகும் நேரத்தையும் மாணவர்கள் ஒரு வரைபடத்தில் குறித்தார்கள். ஒரு பிரதி பால் சொசைட்டியில் ஒட்டப்பட்டிருக்கிறது.